பால்காரருக்கும் முன்னால்

"டீச்சர், கம்ப்யூட்டருக்குள்ள கடவுள் வருவாரா?"

ஏகாம்பரம் கேட்ட முதல் கேள்வியே இதுதான். வந்த மனுஷன் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

மித்திரை டீச்சர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே, செருப்பை அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்து உட்காரச் சொன்னார்.

பச்சைமலையில் டீச்சர் இருக்கும் இடத்தை எல்லோரும் மடம் என்றுதான் சொல்வார்கள். மடம் என்றதும் காவி, கமண்டலம் என்று எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டுக் கட்டடம் ஒன்று, பெரிய சமையற்கட்டு ஒன்று, சுற்றிலும் மரவள்ளி. அவ்வளவுதான். புரோகிராம் எழுதுகிறவர்கள், எழுதியது ஏடாகூடமாகிவிட்டால் அங்கே ஏறி வருவார்கள்.

மடத்துக்கு ஒரே சட்டம்தான். வாசலைத் தாண்டி எந்த மிஷினும் உள்ளே வரக் கூடாது. எழுதியதை வாயால் சொல்ல வேண்டும். வாயால் சொல்ல முடியாததை எழுதியிருக்கவே கூடாது என்பது டீச்சரின் கட்சி.

டீச்சருக்கு வயது முப்பத்தைந்து இருந்தால் அதிகம். ஏகாம்பரம் அறுபதை நெருங்குகிறவர். கொள்ளிடக்கரையில் நத்தமேடு என்ற ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். தன்னைவிடச் சின்னவரிடம் பாடம் கேட்க அவருக்கு வெட்கமே இருந்ததில்லை. சி என்ற கம்ப்யூட்டர் மொழியை டீச்சரிடம்தான் படித்தார். பாடம் முடிந்து இறங்கியவர், அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் மலையேறி வந்திருக்கிறார்.

கடவுள் இருக்கட்டும், நடந்ததைச் சொல்லுங்கள் என்றார் டீச்சர்.

நடந்தது இதுதான். போன மாதம் ஆற்றில் தண்ணீர் கரை மீறிப் படுகையெல்லாம் மூழ்கிவிட்டது. கூரை மேலும் மாடி மேலும் ஜனங்கள். ஊரில் இருந்ததோ நாலு படகு. யாரை முதலில் ஏற்றுவது என்று ஆளுக்கு ஆள் கத்திக்கொண்டிருந்தபோது, ஏகாம்பரம்தான் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தார்.

உதவி கேட்டு போன் வரும். போனில் இருக்கும் டாக்டரம்மா விசாரித்து ஒரு எண் சொல்வார். ஒன்று என்றால் உயிர் போகிற அவசரம். எண் ஏற ஏறக் கொஞ்சம் தாங்கும் என்று அர்த்தம். புரோகிராம் அந்த எண்களை வரிசைப்படுத்தும். ஒரு படகு சும்மா ஆனதும், வரிசையில் முதலில் இருக்கும் பெயர் படகுக்காரர் போனுக்குப் போகும். ஒருவரும் சிபாரிசு பிடிக்க முடியாது. சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை.

"நல்ல காரியம்" என்றார் டீச்சர்.

"எல்லாரும் அதைத்தான் டீச்சர் சொல்றாங்க."

அதைச் சொல்லும்போதே அவர் முகம் சுண்டிப்போயிற்று.

அன்றைக்கு அவர் மகள் பிரவீணாவும் படகுக்காகக் காத்திருந்தாள். புகுந்த வீடு படுகையில். வயிற்றில் எட்டு மாதம். மாப்பிள்ளை வெளியூர் வேலையில். மாமியாரும் அவளுமாக மாடியில் ஏறி நின்றிருந்தார்கள், வலி எடுத்துவிட்டது. சுற்றியிருந்தவர்களையெல்லாம் ஒவ்வொருவராகப் படகு வந்து ஏற்றிப் போயிற்று. அவளிடம் மட்டும் வரவில்லை. மறுநாள் விடிந்து, தண்ணீர் வடியத் தொடங்கிய பிறகு, எல்லோருக்கும் கடைசியாகத்தான் அவளைக் கொண்டுவந்தார்கள். அவள் பிழைத்தாள். பிள்ளை தங்கவில்லை.

ஊர் என்ன சொல்லிற்று தெரியுமா? மனுஷன்னா ஏகாம்பரம்தான் மனுஷன், அதிகாரம் கையில் இருந்தும் பெற்ற மகளைக் கடைசியில் வைத்தாரே, இந்தக் காலத்தில் இப்படி யார் இருக்கிறார்கள் என்றது. கடைக்கு வருகிறவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். வியாபாரிகள் சங்கம் பொன்னாடைக்கு ஏற்பாடு செய்துவிட்டது. நாளைக்கு விழா.

பிரவீணாவும் அதையேதான் நம்பினாள். அப்பா தன்னைக் கடைசியில் வைத்துவிட்டார் என்று. ஆஸ்பத்திரியிலிருந்து பிறந்த வீட்டுக்கு வந்தவள், அதற்குப் பிறகு அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் உள்ளே வந்தால் அவள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

டீச்சர் கீரையை ஒதுக்கி வைத்தார்.

"நீங்க அவங்களைக் கடைசியில வெச்சீங்களா?"

"இல்ல டீச்சர்" என்றார் ஏகாம்பரம். "முதல்ல வெச்சேன். எல்லாருக்கும் முதல்ல. யாருக்கும் தெரியாம டாக்டரம்மா போட்ட எண்ணை அழிச்சிட்டு, வேற எண் போட்டேன். முதல்ல வெச்ச புள்ள எப்படி டீச்சர் கடைசில போகும்? நான் செஞ்ச திருட்டு வேலைய அவன் பார்த்துட்டான். அதான் புடிச்சுக் கடைசில தள்ளிட்டான். கடவுளைத் தவிர வேற யார் இதைச் செஞ்சிருக்க முடியும்?"

அத்தனை நாளாக யாரிடமும் சொல்லாமல் பூட்டி வைத்திருந்தது. கொட்டிவிட்டு, மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பாவம்.

டீச்சர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. என்ன எண் போட்டீர்கள் என்று கேட்டார்.

ஒன்று ஏற்கெனவே பாம்பு கடித்த பால்காரர் சவரிமுத்துவுக்குப் போயிருந்தது. பூஜ்யம் போடலாம் என்று நினைத்தாராம். பிறகு, வேறு யாராவது பூஜ்யம் போட்டுவிட்டால் என்ற பயம். மைனஸ் ஒன்று போட்டால், மைனஸ் இரண்டு வந்து நிற்காதா? ஆகவே அந்த மிஷின் எவ்வளவு கீழே போகுமோ அவ்வளவு கீழே போய், இருநூற்றுப் பதினாலு கோடியையும் தாண்டி, மைனஸில் ஆக அடியில் இருக்கும் கடைசி எண்ணைப் போட்டிருக்கிறார். அதற்கும் கீழே ஓர் எண் கிடையாது. அவளுக்கு முன்னால் ஈ காக்கை நுழைய முடியாது என்று நினைத்துவிட்டார்.

"சரி. யார் முன்னே, யார் பின்னேன்னு பார்க்கிற ஃபங்ஷனைச் சொல்லுங்க."

வரிசைப்படுத்தும் வேலையை சி மொழியே செய்து தந்துவிடும். ஆனால் இரண்டு பேரைக் காட்டி, இவர்களில் யார் முன்னே என்று அது நம்மைத்தான் கேட்கும். அதற்குப் பதில் சொல்ல ஒரு சின்ன ஃபங்ஷன், அதாவது புரோகிராமில் ஒரு குட்டித் துண்டு, எழுதிக் கொடுக்க வேண்டும். பதில் மைனஸ் என்றால் முதலாமவர் முன்னே. பிளஸ் என்றால் பின்னே. பூஜ்யம் என்றால் இருவரும் சமம்.

ஏகாம்பரம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

"ஒரே வரிதான் டீச்சர். முதல் எண்ணிலிருந்து ரெண்டாவதைக் கழிக்கணும். வர்றதை அப்படியே திருப்பி அனுப்பிடணும். இதைவிட வேகமா ஒண்ணும் ஓடாது."

எத்தனை பெயர் இருந்தது என்று டீச்சர் கேட்டார். அறுபது இருக்கும் என்றார். படகு நாலு, பெயர் அறுபது, இதில் இத்தனை வேகத்தை வைத்து எதை முந்தப் போனீர்கள் என்றார் டீச்சர்.

டீச்சர் எழுந்து சமையற்கட்டுக்குள் போனார். அவரும் பின்னாலேயே போனார்.

உத்தரத்தில் வட்ட முகத்தோடு ஒரு தொங்கு தராசு மாட்டியிருந்தது. பழையது. பத்துக் கிலோவுக்கு முள் ஒரு முழுச் சுற்று வரும். கீழே இரண்டு பரங்கிக்காய் கிடந்தன.

"இதுல எது கனம்? நிறுத்துச் சொல்லுங்க."

ஏகாம்பரம் முதல் காயை மாட்டினார். முள் எட்டில் நின்றது. அடுத்த காயைத் தூக்கும்போதே அவருக்கு மூச்சு வாங்கிற்று. மாட்டினார். முள் ஓடி, ஒரு சுற்று முழுக்க முடித்து, திரும்பவும் தொடக்கத்துக்கே வந்து, இரண்டில் நின்றது.

"எட்டுதான் கனம்" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர், தூக்கின எனக்குத் தெரியாதா? இது..."

பாதியிலேயே நிறுத்திவிட்டார். முள்ளைப் பார்த்தார்.

பிறகு மெல்ல ஆரம்பித்தார். தன் எண் மிஷினுக்குள் அடங்கத்தான் செய்தது என்றார். அடங்கும் என்று பார்த்துத்தான் போட்டாராம்.

"எண் அடங்கும். அதிலிருந்து இன்னொருத்தர் எண்ணைக் கழிச்சா?"

ஆக அடியில் இருக்கும் எண். அதிலிருந்து இருபதைக் கழித்தால் இன்னும் இருபது படி கீழே போக வேண்டும். கீழே இடம் ஏது? சி மொழி அந்த இடத்தில் இதுதான் வரும் என்று வாக்கே கொடுப்பதில்லை. அவருடைய மிஷினில் அது கீழே இடமில்லாமல் சுற்றி, மேல் கோடிக்குப் போய் நின்றிருக்கிறது. மைனஸ் வர வேண்டிய இடத்தில் மாபெரும் பிளஸ். மகள் பின்னே என்று ஃபங்ஷன் சொல்லியிருக்கிறது. இருபதுக்கும் பின்னே, ஐம்பதுக்கும் பின்னே. புதிதாக யார் போன் பண்ணினாலும் அவர்களுக்கும் பின்னே.

"அப்ப கடவுள் இல்லையா டீச்சர்?"

"கழித்தல் இருந்துச்சு" என்றார் டீச்சர்.

ஏகாம்பரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். கடவுள் தண்டித்தார் என்றால் அதில் ஒரு ஆறுதல் இருக்கிறது. தண்டனை முடிந்துவிட்டது, கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துக்கொள்ளலாம். இப்போது அதுவும் போயிற்று.

ஆனாலும் படித்த புத்தி சும்மா இருக்குமா? இன்னும் பெரிய எண் பிடிக்கிற அளவில் வைத்துக் கழித்தால் சரியாகிவிடுமே என்றார். டீச்சர் கேட்டார், பெரிய பாத்திரத்தில் கழிப்பீர்கள், சரி, திருப்பி அனுப்பும் பதிலை சி மொழி எந்தப் பாத்திரத்தில் வாங்கிக்கொள்கிறது? பழைய சின்னப் பாத்திரத்தில்தான். ஊற்றும்போது திரும்பவும் வழியும்.

டீச்சர் மூலையில் இருந்த ஒரு கழியை எடுத்துவந்தார். நடுவில் கயிறு கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிட்டார். ஒரு நுனியில் ஒரு காய், மறு நுனியில் மற்றது. பெரிய காயின் பக்கம் சடாரென்று தாழ்ந்தது.

"எத்தனை கிலோ வித்தியாசம்?"

"தெரியலையே டீச்சர்."

"எது கனம்?"

ஏகாம்பரம் கையை நீட்டிக் காட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

"இப்பச் சொல்லுங்க ஃபங்ஷனை."

முதலாவது பெரிதா என்று கேட்க வேண்டும், ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் பூஜ்யம் என்றார் ஏகாம்பரம். அவசரப்பட்டுவிட்டார். முதலாவது சின்னதாக இருந்தால் என்ன சொல்வீர்கள் என்றார் டீச்சர். பூஜ்யம் என்றார். அப்படியானால் இருவரும் சமம் என்று ஆகிவிடாதா, முன்னே நிற்க வேண்டியவரை ஒருநாளும் முன்னே என்று சொல்லாத ஃபங்ஷன் யாருக்கு வேண்டும் என்றார் டீச்சர்.

ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"ரெண்டு கேள்வி கேக்கணும். முதலாவது பெருசா? ஆமான்னா ஒண்ணு, இல்லன்னா பூஜ்யம். முதலாவது சின்னதா? அதுக்கும் அதே மாதிரி. முதல் பதில்லேருந்து ரெண்டாவது பதிலைக் கழிக்கணும். பெருசுன்னா ஒண்ணு வரும். சின்னதுன்னா மைனஸ் ஒண்ணு. ரெண்டும் இல்லன்னா பூஜ்யம்."

"மறுபடியும் கழிக்கிறீங்களே?"

"பதிலைத்தான் கழிக்கிறேன். ஆளை இல்ல. ஒண்ணுக்கு மேல போகாதது எங்க டீச்சர் வழியும்?"

"எத்தனை வரி?"

"ஒரே வரி."

"வேகம்?"

கழித்தலோடு ஒப்பிட்டால் மயிரிழைதான் வித்தியாசம், இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் ஏகாம்பரம். டீச்சர் முதல் தடவையாக அவரை நேருக்கு நேர் பார்த்தார்.

எழுந்து கிளம்பியிருந்தால் அவர் ஒரு புரோகிராமைச் சரிசெய்துகொண்டு போயிருப்பார். கிளம்பத்தான் பார்த்தார். டீச்சர் விடவில்லை.

"சார், டாக்டரம்மா உங்க பொண்ணுக்குப் போட்ட எண் என்ன? நீங்க அழிச்சீங்களே, அது."

ஏகாம்பரம் திரும்பி நின்றார்.

"ரெண்டு" என்றார்.



பால்காரர் ஒன்று. மகள் இரண்டு. பால்காரரை ஏற்றிப் போன படகுக்கு அடுத்த படகு அவளுக்குத்தான் போயிருக்கும். நாலு படகில் ஒன்று அந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தது. மதியத்துக்குள் கரை சேர்ந்திருப்பாள். அவர் கையை மட்டும் வைக்காமல் இருந்திருந்தால் போதும்.

அதோடு விட்டதா? எண்ணைப் போட்டதும் அவர் லேப்டாப்பை மூடி வேறொருவர் கையில் கொடுத்துவிட்டார். உச்சியில் மகள் பெயரைப் பார்க்க வெட்கமாக இருந்ததாம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த வரிசையை எட்டிப் பார்த்திருந்தால் அவள் கடைசியில் கிடப்பது தெரிந்திருக்கும். அவள் போனோ தண்ணீரில் போய்விட்டது. இந்நேரம் படகு போயிருக்கும் என்று இவரும் நம்பிக்கொண்டு, மற்றவர்களுக்குப் போர்வை கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஏகாம்பரம் வாய்விட்டு அழுதார். அவ்வளவு பெரிய மனுஷன் அப்படி அழுது பார்த்தால் கல்லும் கரையும். டீச்சர் கரைந்தாரோ இல்லையோ, பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

அழுது ஓய்ந்ததும் கேட்டார். இதை மகளிடம் சொல்வதா, வேண்டாமா? கடைசியில் வைத்த அப்பா என்று இப்போது வெறுக்கிறாள். நியாயத்துக்காகச் செய்தார் என்றாவது ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருப்பாள். சொன்னால் அதுவும் போகும். பேராசையால் அவள் பிள்ளையை வாரிக் கொடுத்த அப்பா என்று ஆகிவிடும். ஊரில் தலைகாட்ட முடியாது. சொல்லாவிட்டாலோ, நாளைக்கு அந்தப் பொன்னாடையை எந்தத் தோளில் வாங்குவது?

"சொல்லுங்க டீச்சர். நான் என்ன செய்யட்டும்?"

டீச்சர் எழுந்தார்.

"சார், கேள்வி கேட்டா பதில் சொல்ற ஃபங்ஷன் வரைக்கும்தான் எனக்குத் தெரியும். இதைக் கேக்க வேண்டிய ஆள் கீழே இருக்காங்க."

சொல்லிவிட்டு, ஆய்ந்து வைத்த கீரையை எடுக்க வெளியே போய்விட்டார்.

ஏகாம்பரத்துக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் ஏறி வந்தவனுக்குக் கடைசியில் இதுதானா என்று புலம்பியபடியே இறங்கினார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மகளிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் திருத்தித் திருத்தி எழுதிப் பார்த்தார். எங்கிருந்து ஆரம்பித்தாலும் கொண்டுபோய் அதே இடத்தில்தான் விட்டது.

வீட்டுக்குப் போகும்போது பிரவீணா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் வழக்கம்போல் எழுந்தாள்.

"அம்மாடி, ஒரு நிமிஷம் உக்காரு. அப்புறம் நீ எங்க வேணா போ."

என்ன நினைத்தாளோ, உட்கார்ந்தாள்.

அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். வழியெல்லாம் எழுதி வைத்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

"உன்னைக் கடைசில நான் வைக்கல. முதல்ல வெச்சேன். பால்காரருக்கும் முன்னால. டாக்டரம்மா உன்னை ரெண்டாவதா வெச்சிருந்தாங்க. நான் அதை அழிச்சேன். நான் போட்ட எண்ணுல கழிச்சா என் புரோகிராமுக்குள்ள அடங்கல, அது உன்னைக் கொண்டுபோய்க் கடைசில போட்டுது. நான் சும்மா இருந்திருந்தா நீ ரெண்டாவதா வந்திருப்பே. உன் புள்ள இருந்திருக்கும்."

பிரவீணா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் சிமிட்டக்கூட இல்லை. அவள் வைவாள், அடிப்பாள், எழுந்து போய்விடுவாள் என்று அவர் காத்திருந்தார். எதற்கும் தயாராகத்தான் நின்றார். அவள் கை மட்டும் தன்னை அறியாமல் வயிற்றைத் தடவிக்கொண்டு கிடந்தது. அதைப் பார்க்க முடியாமல் அவர் சுவரைப் பார்த்தார்.

"அப்பா."

ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்கிறார்.

"அந்தப் புரோகிராமை வேற யாருக்காவது குடுத்தீங்களா?"

ஏகாம்பரத்துக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு சொன்னார். ஊர் மெச்சியதைக் கேள்விப்பட்டு, கீழ்க்கரை ஊர்க்காரர்கள் எல்லோரும் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஆற்றில் மறுபடி தண்ணீர் திறக்கப் போவதாகப் பேச்சு. அங்கெல்லாம் அதைத்தான் வைத்துக்கொண்டு தயாராக இருக்கிறார்கள்.

பிரவீணா எழுந்தாள். மேஜை மேல் கிடந்த அவருடைய போனை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள்.

"ஒவ்வொருத்தரா கூப்பிடுங்க" என்றாள். "அங்கேயும் அப்பாக்கள் இருப்பாங்க."